ஆமை முட்டையும் சீல் குட்டியும்

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் வாசலிலிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் கால் மணி நேரத்திற்குள் கடற்கரைக்கு வந்துவிடலாம். மாலை வேளையில் அங்கே சுண்டல் விற்பவர்களையும், குதிரைச் சவாரி செய்யும் சிறுவர்களையும், அலையில் கால் நனைக்கும் கூட்டத்தையும் பார்க்கிறோம். நள்ளிரவுக்கு மேல், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, இந்தக் கடற்கரைக்கு வேறொரு விருந்தாளி வருவதுண்டு. அதுதான் பங்குனி ஆமை.

தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை இந்த ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. பெண் ஆமை மட்டுமே கரை ஏறும். ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள உடலைத் துடுப்புக் கால்களால் இழுத்துக்கொண்டு, அலை எட்டாத மேட்டு மணலுக்கு வருகிறது. பின்கால்களால் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குடம் போன்ற குழி தோண்டுகிறது. அதில் 100 முட்டைகளுக்கு மேல் இடுகிறது. பிறகு குழியை மூடி, உடலால் தட்டித் தட்டி மணலை இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. எல்லாம் ஒரு மணி நேர வேலைதான். அதன்பின் அந்த முட்டைகளைப் பார்க்க அது வருவதே இல்லை. சூரிய வெப்பம்தான் அடைகாக்கிறது. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் மணலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன.

இப்போது ஒரு கேள்வி. ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் பதிலை எழுதி வையுங்கள்.

விடியற்காலையில் ஒருவர் ஆமையின் தடத்தைப் பார்த்துக் கூட்டைத் தோண்டி, 100 முட்டைகளையும் எடுத்துச் சென்று விற்றுவிடுகிறார். அதே வேளையில், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு விசைப்படகு இறால் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் இழுவலையில் ஓர் ஆமை தற்செயலாகச் சிக்கி, மூச்சு முட்டி இறந்துவிடுகிறது. படகில் இருப்பவர்கள் ஆமையைத் தேடிப் போகவில்லை; செத்த ஆமையால் அவர்களுக்கு எந்த லாபமும் இல்லை.

இந்த இருவரில் யார் செய்தது பெரிய தீங்கு? ஏன்?

பலர் முதலாமவரைத்தான் குற்றம் சொல்வார்கள். அவர் வேண்டுமென்றே செய்தார் அல்லவா? இந்தப் பதில் சரிதானா என்று கட்டுரையின் நடுவில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதற்குமுன் வெகு தொலைவில் உள்ள ஒரு பனிக்கடலுக்குப் போய் வருவோம்.

வெள்ளைக் குட்டிகள்

சீல் என்பது கடலில் வாழும் பாலூட்டி. நம் நாட்டுக் கடற்கரையில் சீல்கள் வாழ்வதில்லை. வட துருவத்தை ஒட்டிய கடல்களில் வாழும் ஹார்ப் சீல் என்ற இனம் பனிக்கட்டியின் மேல் குட்டி போடுகிறது. பிறந்த குட்டியின் உடல் முழுவதும் தூய வெள்ளை ரோமம். தாய் ஏறத்தாழ 12 நாட்களே பால் கொடுக்கும். இரண்டு மூன்று வாரங்களில் வெள்ளை ரோமம் உதிர்ந்துவிடும். அந்தச் சில நாள் ரோமத்திற்காகவே, கனடா நாட்டின் கிழக்குக் கடற்பகுதியில் குட்டிகளைத் தடியால் மண்டையில் அடித்துக் கொன்று தோலை உரித்தார்கள். ஐரோப்பாவில் அந்தத் தோலுக்கு நல்ல விலை கிடைத்தது.

இந்தக் காட்சியின் படங்கள் 1960களிலும் 1970களிலும் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வந்தன. தப்பி ஓடத் தெரியாத குட்டி, கையில் தடியோடு மனிதன், பனியில் சிவப்பு ரத்தம். பார்த்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1983ல் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு வெள்ளைக் குட்டிகளின் தோலை இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. 1987ல் கனடாவே வெள்ளைக் குட்டிகளை வணிகத்திற்காகக் கொல்வதைத் தடுத்துவிட்டது. வெள்ளை ரோமம் உதிர்ந்த சீல்களின் வேட்டை மட்டும் தொடர்ந்தது. 2009ல் ஐரோப்பிய ஒன்றியம் சீல் பொருள்கள் அனைத்திற்கும் தன் சந்தைக் கதவை மூடியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஹார்ப் சீல் அழியும் நிலையில் உள்ள இனம் அன்று. அவை பல லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே இந்த எதிர்ப்பு, எண்ணிக்கை குறைகிறதே என்பதற்காக மட்டும் எழுந்ததன்று. அந்த உயிர் படும் வலிக்காகவும், அதைக் கொல்லும் காரணம் அற்பமானது என்பதற்காகவும் எழுந்தது. பட்டினி கிடப்பவன் உணவுக்காகக் கொல்வது வேறு, ஒரு சீமாட்டியின் மேலங்கிக்காகக் கொல்வது வேறு என்று மக்கள் நினைத்தார்கள்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. வட துருவப் பகுதியில் இனூயிட் என்ற மக்கள் வாழ்கிறார்கள். அங்கே நெல்லும் விளையாது, காய்கறியும் விளையாது. தலைமுறை தலைமுறையாகச் சீல்தான் அவர்களுக்கு உணவு, உடை எல்லாம். அவர்கள் வேட்டையாடியவை பெரும்பாலும் வேறு இனத்தைச் சேர்ந்த வளர்ந்த சீல்கள். இறைச்சியை உண்டு, மிஞ்சிய தோலை விற்று, அந்தப் பணத்தில் எரிபொருளும் தோட்டாவும் வாங்கினார்கள். 1983ல் தடை வந்தபோது அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2009ல் மீண்டும் விலக்கு அளிக்கப்பட்டது. என்றாலும் சீல் தோல் என்றாலே வாங்குவதற்கு ஆள் இல்லை என்ற நிலை வந்துவிட்டது. விலை சரிந்தது. வெள்ளைக் குட்டியைத் தொடாத மக்களின் வருமானம் போயிற்று.

நல்ல எண்ணத்தில் பிறந்த ஒரு சட்டத்தின் சுமை, தவறு செய்யாதவர்கள் தலையிலும் விழக்கூடும் என்பதை இது காட்டுகிறது. இதே போன்ற ஒன்று நம் ஊருக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆமைக் கணக்கு

இப்போது தாளையும் பென்சிலையும் எடுங்கள்.

ஆமைக் குஞ்சுகளுக்கு எதிரிகள் ஏராளம். மணலில் நண்டும் காக்கையும் நாயும். கடலில் பெரிய மீன்கள். ஏறத்தாழ ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்த ஆமையாகும் என்று விஞ்ஞானிகள் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். பங்குனி ஆமை வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடையப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன.

கணக்கின் எளிமைக்காக, ஒரு கூட்டில் 100 முட்டைகள் என்றும், அத்தனையும் பொரிகின்றன என்றும் வைத்துக்கொள்வோம்.

ஆயிரம் குஞ்சுகளுக்கு ஒரு வளர்ந்த ஆமை. ஒரு கூட்டுக்கு 100 குஞ்சுகள். ஆகவே ஒரு வளர்ந்த ஆமை உருவாக 10 கூடுகள் தேவை.

இதையே திருப்பிச் சொல்லுங்கள். ஒரு கூட்டை ஒருவர் தோண்டி எடுத்துவிட்டால், எதிர்காலத்தில் வரவேண்டிய ஓர் ஆமையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. வளர்ந்த ஆமை ஒன்று வலையில் செத்துவிட்டால், 10 கூடுகளை ஒரே நாளில் அழித்ததற்குச் சமம்.

இன்னும் ஒரு படி போவோம். ஆமை இனம் குறையாமல் இருக்கவேண்டுமானால் ஒவ்வொரு பெண் ஆமையும் தனக்கும் தன் இணைக்கும் பதிலாக இரண்டு ஆமைகளையாவது விட்டுச்செல்ல வேண்டும். அதாவது 2000 குஞ்சுகள். ஒரு பருவத்திற்கு இரண்டு கூடுகள் என்றால் 200 குஞ்சுகள். ஆகவே அது பத்துப் பருவங்களாவது உயிரோடு இருந்து கரைக்கு வந்தாக வேண்டும். முதல் பருவத்திலேயே வலையில் மாட்டிக்கொண்டால் கணக்கு நேராகவே ஆகாது.

இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கு அன்று. 1987ல் அமெரிக்க உயிரியலாளர்கள் மூவர் பெருந்தலை ஆமைகளைப் பற்றி இதே வகையில், ஆனால் இதைவிட நுட்பமாகக் கணக்கிட்டார்கள். கரையில் எல்லா முட்டைகளையும் காப்பாற்றினாலும்கூட, கடலில் வளரும் ஆமைகள் தொடர்ந்து செத்தால் அந்த இனம் மீளாது என்ற முடிவுக்கு வந்தார்கள். அதுவரை எல்லோருடைய கவனமும் முட்டைகள் மீதே இருந்தது. கண்ணுக்குத் தெரிவது முட்டைதானே!

இப்போது உங்கள் தாளில் முதலில் எழுதிய பதிலைப் பாருங்கள். நோக்கத்தை மட்டும் பார்த்தால் முட்டை எடுத்தவர் குற்றவாளி. விளைவைப் பார்த்தால், தற்செயலாக நடந்த அந்த ஒரு சாவு, பத்துத் திருட்டுகளுக்குச் சமம். இது முட்டை எடுப்பதைச் சரியாக்கிவிடாது. 1972ல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் ஆமைகள் இடம்பெற்றிருக்கின்றன. ஆமையைக் கொன்றாலும் முட்டையை எடுத்தாலும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் சட்டம் யாரை எளிதாகப் பிடிக்கிறது? கரையில் கையில் முட்டையோடு நிற்பவரைப் பிடிக்கிறது. நடுக்கடலில் நடப்பதைப் பார்க்க யாரும் இல்லை.

கரைக்கு வந்த உடல்கள்

சென்னைக் கடற்கரையில் ஆமைக் கூடுகளைக் காக்கும் வேலை 1970களின் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. அப்போது முட்டைகள் தாராளமாகத் தோண்டப்பட்டு விற்கப்பட்டன. ஆர்வமுள்ள சில இளைஞர்கள் இரவில் மணலில் நடந்து, கூடுகளைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பாதுகாப்பான வேலிக்குள் மாற்றிப் புதைத்தார்கள். 1988ல் மாணவர்களே சேர்ந்து கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் இரவு முழுவதும் நடக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. முட்டைத் திருட்டு பெருமளவு குறைந்துவிட்டது. மீனவக் குப்பங்களிலேயே ஆமையைத் தெய்வமாக நினைத்து, வலையில் உயிரோடு வந்தால் கடலில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. திருமாலின் இரண்டாம் அவதாரம் ஆமை அல்லவா?

இத்தனை இருந்தும் 2025 ஜனவரியில் என்ன நடந்தது? சென்னையிலும் அதை அடுத்த கடற்கரைகளிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. பிதுங்கிய கண்களும் வீங்கிய கழுத்துமாகக் கிடந்தன. வலைகளில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவையே இவற்றில் பெரும்பாலானவை என்று வல்லுநர்கள் கருதினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தது.

ஆமை கடலில் வாழ்ந்தாலும் அதற்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. அடிக்கடி மேலே வந்து மூச்சு விட வேண்டும். அடித்தளத்தை வாரிக்கொண்டு மணிக்கணக்கில் இழுபடும் வலைக்குள் மாட்டினால் மேலே வர வழி இல்லை. நீந்தப் பிறந்த பிராணி நீரிலேயே மூழ்கிச் சாகிறது.

நம் கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். 1000 ஆமைகள் என்றால் 10,000 கூடுகள். மாணவர்கள் எத்தனை இரவுகள் நடந்தால் 10,000 கூடுகளைக் காப்பாற்ற முடியும்?

இதற்கு வழி இல்லையா? உண்டு. வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கு இடையே புகுந்து பின்பையில் சேரும். ஆமை கம்பியில் முட்டி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். இதற்கு ஆமை விலக்கும் கருவி என்று பெயர். நம் நாட்டு வலைகளுக்கு ஏற்ற கருவியைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது 9 கிலோமீட்டருக்குள், மீன் பிடிக்கக் கூடாது. ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் கூடுவது பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. ஆனால் அதற்குள் பங்குனி ஆமை பெரும்பாலும் முட்டையிட்டு முடித்திருக்கும்.

விசைப்படகுக்காரரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். கருவியின் திறப்பு வழியாக இறாலும் நழுவிவிடுகிறது என்கிறார் அவர். டீசல் விலை ஏறிக்கிடக்கிறது, கடன் இருக்கிறது, ஒரு கூடை இறால் குறைந்தாலும் நஷ்டம் என்கிறார். கரைக்கு அருகே வந்தால் இறால் அதிகம். அந்த இறாலை வாங்குவது யார்? நாம்தான், வெளிநாட்டு உணவு விடுதிகளும்தான். அப்படியானால் இந்த வேட்டையில் தடி யார் கையில் இருக்கிறது? கனடாவின் பனியில் அது ஒருவன் கையில் பளிச்சென்று தெரிந்தது. இங்கே அது பலருடைய கைகளில் சிறுசிறு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

27 ஆண்டுகளில் ஓர் இனம்

சீலுக்கு உறவு இல்லாவிட்டாலும், அதைப்போலவே கடலில் வாழும் பாலூட்டி ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. அதுதான் ஆவுளியா என்னும் கடற்பசு. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேய்ந்து வாழும் சாதுவான பிராணி.

இதன் நெருங்கிய உறவு ஒன்று வட பசிபிக் கடலில் வாழ்ந்தது. 1741ல் பேரிங் என்பவரின் தலைமையில் சென்ற கப்பல் ஒரு தீவில் உடைந்தது. கப்பலில் இருந்த ஸ்டெல்லர் என்ற இயற்கை விஞ்ஞானி அந்தப் பிராணியைப் பார்த்து விவரமாக எழுதினார். 8 மீட்டர் வரை நீளம், மனிதனைக் கண்டு பயப்படாது, ஓடவும் தெரியாது. செய்தி பரவியதும் ரோமத் தோலுக்காக அந்தப் பக்கம் வந்த வேட்டைக்காரர்கள் எல்லாம் அதைக் கொன்று தின்றார்கள். 1768க்குப் பிறகு அதைப் பார்த்தவர் இல்லை. கண்டுபிடித்து 27 ஆண்டுகளில் ஓர் இனமே முடிந்துவிட்டது.

இவ்வளவு விரைவில் எப்படி அழியும் என்று கேட்கலாம். காரணம் அதன் இனப்பெருக்க வேகம். நம் ஆவுளியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சினைக்காலம் 13 முதல் 15 மாதங்கள். ஒரு பேற்றுக்கு ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருந்தால்கூட ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது. ஒரு கடற்பகுதியில் 200 ஆவுளியாக்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு அதிகபட்சமாக 10 கூடும். வலையிலும் வேட்டையிலும் 11 செத்தால் அந்தக் கூட்டம் அழிவை நோக்கி இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பதினோராவதைக் கொன்றவருக்கு அது தெரியவே தெரியாது.

முன்பு அந்தக் கரைகளில் ஆவுளியா இறைச்சி விரும்பி உண்ணப்பட்டது. பிறகு சட்டம் தடுத்தது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. வலையில் உயிரோடு சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கும் மீனவர்களுக்குப் பரிசுத்தொகை வழங்குகிறார்கள். வலை அறுந்தால் மீனவருக்கு நஷ்டம் அல்லவா? விலங்கைக் காப்பாற்றும் செலவு அவர் ஒருவர் தலையில் விழக்கூடாது என்பது இதில் உள்ள நியாயம்.

பாம்புத் தோலும் பாம்பு விஷமும்

நம் ஊருக்கு அருகில் நடந்ததாகச் சொன்ன கதை இதுதான். செங்கல்பட்டு வட்டாரத்தில் வாழும் இருளர்கள் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள். தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் இவர்கள் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் தோல்கள் பதனிடப்பட்டு, கைப்பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு சென்றன. தோல் வியாபாரிக்குப் பெரும் லாபம். இருளருக்குச் சில்லறைக் காசு.

1972ன் சட்டமும், 1976ல் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் இந்த வியாபாரத்தை நிறுத்தின. பாம்புகளுக்கு அது நன்மை. எலிகளைத் தின்னும் பாம்புகள் குறைந்தால் வயலுக்கும் கேடுதான். ஆனால் வேறு தொழில் தெரியாத இருளர்கள் ஒரே நாளில் சட்டத்தை மீறுபவர்கள் ஆனார்கள், அடுப்பு எரியவில்லை. இனூயிட் மக்களுக்கு நேர்ந்தது போலத்தான் இதுவும்.

ஆனால் இங்கே கதை வேறு வழியில் திரும்பிற்று. 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் அதன் பாம்புப் பண்ணை அமைந்தது. அரசின் அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வருகிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதே அறிவு, அதே கைகள். முன்பு ஒரு கைப்பைக்காகப் பாம்பு செத்தது. இப்போது ஒரு விவசாயியின் உயிர் பிழைக்கிறது, பாம்பும் பிழைக்கிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எல்லா வேட்டைக்கும் இப்படி அழகான மாற்று கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தடை போடுகிறவர்கள் கூடவே மாற்றையும் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நான்கு கேள்விகள்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து, எந்த வேட்டையைப் பற்றியும் நாம் கேட்டுப் பார்க்கவேண்டிய நான்கு கேள்விகளை எடுக்கலாம்.

1. தேவை என்ன? உயிர் வாழ்வதற்கா, ஆடம்பரத்திற்கா, பொழுதுபோக்கிற்கா?

2. எண்ணிக்கை என்ன? அந்த இனம் எத்தனை வேகத்தில் பெருகும்? நாம் எடுப்பது அதைவிடக் குறைவா, அதிகமா?

3. வலி எவ்வளவு? ஒரு நொடியில் முடியும் சாவா, மணிக்கணக்கில் துடிக்கும் சாவா?

4. இழப்பு யாருக்கு? தடுத்தால் யார் பட்டினி கிடப்பார்? தடுக்காவிட்டால் யார் இழப்பார்?

முதல் மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு மட்டுமே விஞ்ஞானம் நேரான விடை தரும். மூன்றாவதற்கு ஓரளவு உதவும். முதலாவதும் நான்காவதும் நாம் மனிதர்களாக இருந்து யோசித்து முடிவு செய்ய வேண்டியவை. இனம் அழியவில்லை என்று விஞ்ஞானி சொல்லிவிட்டால் அந்த வேட்டை நியாயமாகிவிடாது. அதுபோலவே, பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது என்பதால் மட்டும் அது அநியாயமாகிவிடாது. வெள்ளைக் குட்டிக்காக உலகமே அழுதது. வலையில் செத்து அழுகி மிதக்கும் ஆமைக்காக எத்தனை பேர் அழுதார்கள்? முகம் அழகாக இருந்தால்தான் இரக்கம் வருமா?

"ஆடு, கோழி, மீன் எல்லாம் தின்கிறோமே. ஆமைக்கும் சீலுக்கும் மட்டும் என்ன தனிச் சலுகை?" என்று வகுப்பில் ஒரு நண்பர் கட்டாயம் கேட்பார். நல்ல கேள்விதான். அதை ஒதுக்கிவிடக்கூடாது. இரண்டாம் கேள்வியைப் பொறுத்தவரை வேறுபாடு உண்டு: கோழியை நாம் வளர்க்கிறோம், குறைந்தால் மீண்டும் பெருக்கிக்கொள்கிறோம், ஆவுளியாவைப் பண்ணையில் பெருக்க முடியாது. ஆனால் மூன்றாம் கேள்வியில் வேறுபாடு இல்லை. கூண்டில் நெருக்கி அடைத்த கோழிக்கும் வலி வலிதான். சீலுக்காக அழுதவர்களிடம் இனூயிட் மக்கள் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான். கேள்வி மற்றவரை நோக்கி மட்டுமன்றி நம் தட்டை நோக்கியும் திரும்பும். திரும்பட்டும். அதற்கு உங்கள் பதில் என்ன என்பதை நீங்களே எழுதுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

* ஜனவரி முதல் மார்ச் வரை, பெரியவர்கள் துணையோடு, மாணவர்களோ வனத்துறையோ நடத்தும் ஆமை நடையில் ஒரு முறை கலந்துகொள்ளுங்கள். ஆமையைத் தொடாதீர்கள், அதன்மேல் வெளிச்சம் அடிக்காதீர்கள்.

* குஞ்சுகள் பொரித்து வந்ததும் வெளிச்சம் அதிகமாக உள்ள பக்கம் ஓடும். இயற்கையில் அது கடலின் பக்கம். ஆனால் காமராஜர் சாலை விளக்குகள் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். உங்கள் பகுதிக் கடற்கரையில் இரவில் எத்தனை விளக்குகள் கடலைப் பார்த்து எரிகின்றன என்று எண்ணி, எவற்றை அணைக்கலாம் அல்லது மறைக்கலாம் என்று பட்டியல் போடுங்கள்.

* நடுக்குப்பம், அயோத்தியா குப்பம் போன்ற இடங்களில் உள்ள மூத்த மீனவர் ஒருவரிடம் மரியாதையுடன் கேளுங்கள்: ஆமை வலையில் வந்தால் என்ன செய்வீர்கள் ஐயா? ஆவுளியாவைப் பார்த்ததுண்டா? முன்பு எப்படி இருந்தது? அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அவருக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இருக்காது.

* வீட்டில் இறால் வாங்கும்போது அது எந்த வலையில், எங்கே பிடித்தது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பலர் கேட்கத் தொடங்கினால் ஒரு நாள் பதில் வரும்.

* வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து ஒரு வழக்காடு மன்றம் நடத்துங்கள். ஒரு பக்கம் ஆமை. மறு பக்கம் கடன்பட்ட விசைப்படகுக்காரர். பாதி நேரம் முடிந்ததும் அணிகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஆமைக்காகப் பேசியவர் இப்போது படகுக்காரருக்காகப் பேச வேண்டும்.

கடைசியாக, முதலில் எழுதிய தாளை மீண்டும் எடுங்கள். முட்டை எடுத்தவரா, வலை வீசியவரா என்ற கேள்விக்கு நீங்கள் எழுதிய பதிலை அடிக்காதீர்கள். அதன் கீழே புதிதாக ஒரு பதில் எழுதுங்கள். அந்த இரண்டு பதில்களுக்கும் இடையே எது மாறியது, கணக்கு காரணமா, இரக்கம் காரணமா என்பதையும் ஒரு வரியில் குறித்து வையுங்கள். இந்த ஆண்டு தை மாதத்தில் முட்டையிட வரும் ஆமையிலிருந்து பிறக்கும் குஞ்சுகளில் ஒன்று பிழைத்தால், அது வளர்ந்து கரைக்குத் திரும்பும்போது நீங்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் வயதில் இருப்பீர்கள். அப்போது கடைக்குப் போய் இறால் வாங்குபவரும், கடலுக்கான சட்டத்தைப் பற்றி வாக்களிப்பவரும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்தத் தாள் அதுவரை உங்களிடம் இருக்கட்டும்.